நிறுத்தும் தேதி இல்லாத மாத்திரைச் சீட்டு

மருந்துக் கடைகளில் எச்1 பதிவேடு என்று ஒரு நீள நோட்டு இருக்கும். மத்திய அரசு 2013 ஆகஸ்டில் அறிவித்து, 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி வைக்கப்படுவது. 46 மருந்துகளைத் தனியே பிரித்தார்கள். அவற்றை விற்கும்போது எழுதிக்கொடுத்த டாக்டரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், எத்தனை மாத்திரை என்று எழுதிவைக்க வேண்டும். நோட்டை மூன்று வருஷம் பாதுகாக்க வேண்டும். அந்த 46-ல் பெரும்பாலானவை ஆன்டிபயாட்டிக்குகளும் காசநோய் மருந்துகளும். நடுவே அல்பிரசோலம், டையசிபாம், நைட்ரசிபாம், சோல்பிடெம் என்று படபடப்புக்கும் உறக்கத்துக்கும் தருகிற மாத்திரைகளும் உண்டு.

பசுவந்தனையில் மெடிக்கல் வைத்திருக்கிறேன். டி.பார்ம் முடித்துவிட்டுச் சொந்த ஊரிலேயே கடை போட்டவன். டிரக் இன்ஸ்பெக்டர் வந்தால் முதலில் கேட்பது இந்த நோட்டைத்தான். சீட்டு இருக்கிறதா, பில் எண் ஒத்துப்போகிறதா, வாங்கிய கணக்கும் விற்ற கணக்கும் சரியா என்று பார்ப்பார். ஒழுங்காகவே பார்ப்பார். ஆனால், ஒரே பெயர் மாசாமாசம் வருகிறதே, மூன்று வருஷமாக வருகிறதே, இந்த அம்மாவுக்கு என்னதான் செய்கிறது என்று கேட்பதற்கு அந்த நோட்டில் ஒரு கட்டம் கிடையாது. எத்தனை மாத்திரை என்பதற்கு இடம் இருக்கிறது. எத்தனை மாதமாக என்பதற்கு இல்லை. நான் எழுத வந்தது அந்த இல்லாத கட்டத்தைப் பற்றித்தான்.

இங்கே யாரும் மனச்சோர்வு என்று சொல்லிக்கொண்டு கடைப் படி ஏறுவதில்லை. “நெஞ்சு படபடன்னு அடிக்கு”, “ராவுல உறக்கம் இல்ல”, “சோறு இறங்க மாட்டேங்கு”, “விடியக்காலம் மூணு மணிக்கு முழிப்பு வந்துருது, அப்புறம் கண்ண மூட முடியல” என்பார்கள். இது மானாவாரிச் சீமை. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பித்தான் உளுந்து, பாசி, மக்காச்சோளம், மிளகாய் எல்லாம். மழை தவறினாலும் கடன், கூடினாலும் கடன். 2018-ல் படைப்புழு வந்து மக்காச்சோளக் குருத்தைத் தின்றது. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய அந்த மழை எங்கள் கரிசல் காட்டையும் விடவில்லை. நின்ற தண்ணீரில் பயிர் அழுகியது. அடுத்து வந்த வாரங்களில் அடங்கல் நகலும் ஆதார் நகலும் இருக்கிற பையோடு நேராக என் கடைக்கு வந்து, “உறங்குறதுக்கு ஒண்ணு குடுங்க அண்ணாச்சி” என்று நின்றவர்கள் பலர். சீட்டு இல்லாமல் தர முடியாது என்றால், எங்கேயாவது போய்ச் சீட்டோடு வருவார்கள். சீட்டு கிடைப்பது கஷ்டமாக இருந்ததே இல்லை.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஐம்பதைத் தாண்டியவர், தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்கிற வேலை. வீட்டுக்காரர் ஒரு நாள் காட்டிலேயே சாய்ந்துவிட்டார். காரியம் முடிந்தும் அம்மாவுக்கு உறக்கமில்லை, நெஞ்சுப் படபடப்பு. ஒரு டாக்டர் அல்பிரசோலம் 0.25 எழுதிக்கொடுத்தார், இரவு ஒன்று, ஐந்து நாளைக்கு. அந்த ஐந்து நாளைக்கு அதில் தப்புச் சொல்ல முடியாது. ஆறாவது நாள் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதே சீட்டைக் காட்டி அங்கொரு கடை, இங்கொரு கடை என்று வாங்கியிருக்கிறார். பிறகு வேறொரு டாக்டர் 0.5 ஆக்கியிருக்கிறார். இரவு ஒன்று என்பது காலையும் இரவும் ஆகி, மத்தியானமும் சேர்ந்துகொண்டது. என்னிடம் வந்தபோது பாலிதீன் கவருக்குள் இருந்த சீட்டு, மடிப்பு மடிப்பாகக் கிழிந்து நாலு துண்டாக இருந்தது. தேதி இருந்த இடத்தில் ஓட்டை.

“இந்தச் சீட்டுக்குத் தர முடியாது மதினி” என்றேன். கோபப்படவில்லை. உட்கார்ந்துவிட்டார். உறக்கம் வருகிறதா என்று கேட்டேன்.

“வருது அண்ணாச்சி. முழிச்சிருக்கப்பவும் உறங்குற மாதிரியேதான் இருக்கு. மக பேறுகாலத்துக்கு வந்திருக்கா. பேரப்பிள்ளையத் தூக்கணும்னு தோணல. அழுகையும் வர மாட்டேங்கு.”

தீப்பெட்டி ஆபீசில் எத்தனை பெட்டி அடைக்கிறாரோ அதற்குத்தான் கூலி. கை நடுங்குகிறது, எண்ணிக்கை பாதியாகிவிட்டது என்றார். வீட்டு வாசல் படியில் ரெண்டு தடவை விழுந்திருக்கிறார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோகிறாராம். வயசாகிவிட்டது, அதனால்தான் என்று மகன் சொல்கிறான். மாத்திரை சாப்பிடாத மத்தியானங்களில் நெஞ்சு முன்னைவிட வேகமாக அடிக்கிறதாம். அதனால் நோய் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஒன்று போடுகிறார்.

நடந்தது இதுதான். இந்த வகை மாத்திரைகள் மூளையில் காபா என்கிற ரசாயனத்தின் வேலையைக் கூட்டி, மூளையின் ஓட்டத்தை அடக்குகின்றன. அரை மணி, ஒரு மணி நேரத்தில் நிம்மதி தெரியும். வாரக்கணக்கில் போட்டால் மூளை அதற்குப் பழகிக்கொள்ளும். முந்தைய அளவு போதாது. அல்பிரசோலம் உடம்பை விட்டுச் சீக்கிரம் இறங்கிவிடுகிற மாத்திரை. அது இறங்குகிற நேரத்தில் வருகிற படபடப்பு பழைய நோயில்லை, மாத்திரை இறங்குவதால் வருவது. தள்ளாட்டம், மறதி, எதிலும் ஒட்டாத மந்தம் எல்லாம் கூடவே வரும். கம்பெனிக்காரர்கள் அச்சிடுகிற குறிப்பிலேயே பக்கவிளைவுப் பட்டியலில் மனச்சோர்வும் இருக்கிறது. இந்த அம்மாவுக்குத் துக்கம் மனச்சோர்வாக மாறி எத்தனையோ மாதமாகிவிட்டது. அதற்கு ஒரு நாள்கூட வைத்தியம் நடக்கவில்லை. டைபாய்டு காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டே இருந்த கதை. போதாததற்கு, அந்தத் துணியே சோர்வைக் கூட்டிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் நேற்று கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. ரோஷ் கம்பெனியில் லியோ ஸ்டெர்ன்பாக் என்கிற வேதியியலாளர் கண்டுபிடித்த லிப்ரியம் 1960-லும் வாலியம் 1963-லும் சந்தைக்கு வந்தன. அந்த வாலியத்தின் மருந்தைத்தான் 1969-ல் ரான்பாக்ஸி ‘காம்போஸ்’ என்று இந்தியாவில் இறக்கியது. கொஞ்சம் வயசானவர்களுக்கு இன்றைக்கும் உறக்க மாத்திரை என்றாலே காம்போஸ்தான். பிரிட்டனில் மருந்துப் பாதுகாப்புக் குழு 1988 ஜனவரியில் டாக்டர்களுக்கு ஓர் எச்சரிக்கை அனுப்பியது. இரண்டு முதல் நாலு வாரத்துக்கு மேல் வேண்டாம். மனச்சோர்வுக்கோ, மனச்சோர்வோடு சேர்ந்த பதற்றத்துக்கோ இதை மட்டும் தனியாகக் கொடுக்கவே கூடாது, அப்படிப்பட்டவர்களுக்குத் தற்கொலை எண்ணத்தைக்கூட அது கிளப்பிவிடலாம் என்றது. அந்த எச்சரிக்கை வந்த வருஷம் பிறந்த பிள்ளைக்கு இன்று காதோரம் நரைத்திருக்கும். 2020 செப்டம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த வகை மாத்திரைகள் அனைத்துக்கும், பழக்கமாகிவிடும், திடீரென நிறுத்தினால் ஆபத்து என்று கட்டம் கட்டிய எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. எங்கள் ஊர்ச் சீட்டில் இன்னும் “ராத்திரி ஒன்று” என்பதோடு சரி.

இதை வாசித்துவிட்டு மன வைத்தியமே மோசம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இரண்டு வகை மாத்திரைகள் இருக்கின்றன, ஊரில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். மேலே சொன்னது உடனே அடக்குகிற வகை. எஸ்சிடலோபிராம் போன்றவை மனச்சோர்வுக்கே தருகிற, மெதுவாக வேலை செய்கிற வகை. இரண்டாவது வகை குணம் தெரிய இரண்டு முதல் நாலு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி, சிலருக்குப் படபடப்பு கூடுதலாகவே இருக்கும். அந்த இடைவெளியைத் தாண்டுவதற்காக முதல் வகையைச் சில நாளைக்குச் சேர்த்துக் கொடுப்பது டாக்டர்கள் வழக்கம். முறையான வழக்கம்தான்.

கடையில் நடப்பதோ தலைகீழ். கோவில்பட்டியில் டிஎன்பிஎஸ்சி கோச்சிங் போகிற ஒரு தம்பி, இரண்டு மாத்திரையும் எழுதிய சீட்டோடு வந்தான். பத்து நாளில் திரும்பி வந்து, “அண்ணே, இது சாப்பிட்டா வயித்தப் பெரட்டுது, உள்ளுக்குள்ள ஒரே பரபரப்பா இருக்கு. இது வேண்டாம். உறக்கம் வருதுல்லா, அது மட்டும் குடுங்க” என்றான். குணமாக்கக்கூடியதை விட்டுவிட்டு, நிறுத்த வேண்டியதைப் பிடித்துக்கொள்கிறார்கள். அவனையும் குற்றம் சொல்ல வழியில்லை. எது உடனே சுகம் தருகிறதோ அதுதான் மருந்து என்று எவனும் நினைப்பான். வரிசையில் நூறு பேர் நிற்கிற இடத்தில் அவனுக்குக் கிடைத்த ரெண்டு நிமிஷத்தில், முதல் பத்து நாள் இப்படித்தான் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்லியிருக்க வேண்டும். இளவயசுக்காரர்களுக்கு இந்த மெதுவான வகையைத் தொடங்கும்போது ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் தலைதூக்கலாம் என்று எஃப்.டி.ஏ. 2004-ல் சிறுவர்களுக்கும், 2007-ல் 24 வயசு வரைக்கும் எச்சரிக்கை சேர்த்தது. கொடுக்காதே என்று அதற்கு அர்த்தமில்லை, கூட இருந்து பார்த்துக்கொள் என்று அர்த்தம். அந்தத் தம்பியின் சீட்டைப் பற்றி அவன் வீட்டில் யாருக்கும் தெரியாது.

நம் நாட்டுக்கென்றே ஒரு கோளாறு வேறு. எஸ்சிடலோபிராமும், உடனே அடக்குகிற வகையான குளோனசிபாமும் ஒரே மாத்திரையாகச் சேர்ந்து விற்கின்றன, நன்றாகவே விற்கின்றன. நாலு வாரத்தில் நிறுத்த வேண்டியதும், குணமான பிறகும் ஆறு மாதம் தொடர வேண்டியதும் ஒரே வில்லைக்குள். ஒன்றை மட்டும் எப்படி நிறுத்துவது? பிளேடால் வெட்டினாலும் இரண்டும்தான் பாதியாகும். நோயாளிக்கு ஒரே மாத்திரை என்பது வசதி என்கிறார்கள். எனக்கென்னவோ அந்த வசதி கம்பெனிக்குத்தான் என்று படுகிறது.

குடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் டாஸ்மாக், ராத்திரி மாத்திரை என்று இருக்கிறவர்கள் உண்டு. இரண்டும் மூளையை அடக்குபவை, சேர்ந்தால் மூச்சையே அடக்கும். வாங்குகிறவர் வாயில் வாடை அடித்தால் நான் தருவதில்லை. சண்டை வரும், வரட்டும்.

அரசு இந்த மாத்திரைகளைக் கண்டுகொள்ளவே இல்லை என்றும் சொல்ல முடியாது. போதைக்காக வாங்குகிற இளவட்டங்களைப் பிடிக்க மெடிக்கல்களில் கேமரா வைக்கச் சொல்லிப் பல மாவட்ட ஆட்சியர்கள் உத்தரவு போட்டிருக்கிறார்கள். வைத்திருக்கிறோம். வேண்டியதுதான். ஆனால் தலையில் முக்காடு போட்டு, கிழிந்த சீட்டோடு மாசத்துக்கு ஒரு தடவை வந்து போகிற ஐம்பத்தைந்து வயசு அம்மாவின் மேல் அந்தக் கேமராவுக்குச் சந்தேகம் வராது.

மனநல டாக்டரிடம் போங்கள் என்று சொன்னால் முதலில் வருகிற பதில், “எனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு?” இந்தப் பயத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. மனநோயாளி என்றால் எங்கள் பக்கத்துச் சனங்களுக்கு நினைவு வருவது ஏர்வாடியும் சங்கிலியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்பிக்க முடியாமல் 28 பேர் செத்தார்கள். இத்தனை வருஷமாகியும் அந்தப் படம் மனசை விட்டுப் போகவில்லை. உறக்க மாத்திரை சாப்பிடுகிறவனுக்குப் பெண் கொடுப்பார்கள். மனநல டாக்டரிடம் போகிறவன் என்றால் யோசிப்பார்கள். நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் இருந்தது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான மனநோய்கள் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்கு வைத்தியமே கிடைக்கவில்லை என்றது அந்த ஆய்வு. 2022-ல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. மகாராஷ்டிரத்துக்கு அடுத்தபடி நாம்தான். அதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும், எல்லாவற்றையும் மாத்திரையின் தலையில் கட்ட நான் தயாரில்லை. ஆனால் அந்த 85 சதவீதத்தில் எத்தனை பேர் கையில் வைத்தியம் என்ற பெயரில் ஒரு உறக்க மாத்திரை அட்டை இருக்கிறது என்று யாராவது எண்ண வேண்டும்.

அந்த அம்மாவை மகளோடு திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னேன். அங்கே மாத்திரையைப் பிடுங்கவில்லை. மெதுவாக இறங்குகிற வேறொன்றுக்கு மாற்றி, மாசத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்தார்கள். மனச்சோர்வுக்குத் தனியாக மருந்து கொடுத்தார்கள். இங்கிலாந்தின் நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை இதற்கென்றே ஒரு பிரிவை நடத்திய ஹெதர் ஆஷ்டன் எழுதிவைத்த முறையும் இதுதான்: மெதுவாக, நோயாளி தாங்குகிற வேகத்தில். மாத்திரையைப் பாதியாக்க, கால் துண்டாக்க அந்த அம்மா என் கடைக்குத்தான் வருவார். பேப்பரை விரித்து, புது பிளேடை வைத்து நான் வெட்டிக்கொடுப்பேன். உதிர்ந்த பொடியைக்கூடத் தொட்டு நாக்கில் வைத்துக்கொள்வார் ஆரம்பத்தில். நடுவில் ரெண்டு மாசம் ரொம்பச் சிரமப்பட்டார், உறக்கமே இல்லை, உடம்பெல்லாம் எரிகிறது என்றார். மகள் கூட இருந்தாள். இப்போது இரவுக்குக் கால் துண்டு. ஒரு நாள் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவர், மகள் தன்னை மதிப்பதில்லை என்று அரை மணி நேரம் என்னிடம் சண்டைக்கு நின்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

எல்லோரும் திருநெல்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ போக முடியாது. ஒரு நாள் கூலி, பஸ், துணைக்கு ஒரு ஆள். மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல் நாட்டில் நாலே மாவட்டங்களில் தொடங்கியபோது அதில் ஒன்று நம் திருச்சி. இன்று அநேகமாக எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. ஆனால் அந்தத் திட்டத்தின் மனநல டாக்டர் எந்தக் கிழமை எந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று பசுவந்தனை பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். கோயில் கொடியேற்றத்துக்கு அடிக்கிற நோட்டீஸ் மாதிரி இதற்கும் ஊருக்கு ஊர் ஒட்டலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் வீட்டுக்கே வருகின்றன. கொண்டுவருகிற பெண்களுக்கு ஊரில் நல்ல மரியாதை இருக்கிறது. அவர்கள் இரண்டே கேள்வி கேட்டால் போதும்: கடந்த ரெண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, மனசு தளர்ந்துபோய் இருந்ததா? பல நாடுகளின் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் இந்த இரண்டு கேள்வியை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறார்கள். மூன்றாவதாக நம் ஊருக்கு ஒன்று சேர்க்கலாம்: உறக்க மாத்திரை எத்தனை மாதமாக?

கோவாவில் சங்கத் என்கிற அமைப்பு, டாக்டர் பட்டமில்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே ஆறு முதல் எட்டு முறை உட்கார்ந்து பேசவைத்தது. கடும் மனச்சோர்வு உள்ளவர்களுக்கும் அது பலன் கொடுத்ததை 2017-ல் லான்செட் இதழ் வெளியிட்டது. கோவாவில் முடிந்தது கோவில்பட்டியில் ஏன் முடியாது?

டாக்டர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். “ராத்திரி ஒன்று” என்று எழுதுகிற அதே பேனாவால், எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும், நிறுத்தும்போது எப்படிக் குறைக்க வேண்டும் என்று இன்னொரு வரி எழுதுங்கள். எச்1 நோட்டில் எத்தனையாவது மாதம் என்று ஒரு கட்டத்தை அரசு சேர்க்கட்டும். ஒரே பெயர் மூன்று மாதம் தாண்டினால் மருந்தாளுநர் மாவட்ட மனநலக் குழுவுக்குத் தகவல் சொல்ல ஒரு வழி செய்யட்டும். தண்டிப்பதற்காக இல்லை, போய்ப் பார்ப்பதற்காக.

இதை வாசிக்கிறவர்களில் யாராவது மாதக்கணக்கில் இந்த மாத்திரையில் இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே தூக்கி எறிந்துவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு வரை போகும். அட்டையையும் பழைய சீட்டையும் எடுத்துக்கொண்டு, வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்கள். எப்போது தொடங்கியது, இப்போது எத்தனை போடுகிறீர்கள், குடிப்பீர்களா என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். படபடப்பு மட்டும்தான் என்றால் தைராய்டும் ரத்தசோகையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். 104-க்குக் கூப்பிடலாம். மத்திய அரசின் டெலிமானஸ் எண் 14416. ராத்திரியும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.